நான் கம்ப்யூட்டராக இருந்த ஒன்பது நாள்

நான்காம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் ஒன்பது நாள் நான் கம்ப்யூட்டராக வேலை பார்த்தேன். இப்போது நான் வேலை செய்யும் அலுவலகத்தில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அங்கே ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் யாரும் கம்ப்யூட்டராகவே இருந்து பார்த்ததில்லை. நான் இருந்திருக்கிறேன். என் திரை சுவரில் இருந்தது. அம்புக்குறி என் கையில் இருந்தது. சத்தம் என் வாயிலிருந்து வந்தது. என்னை இயக்கியவள் என் அம்மா.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், டவுன் பஸ் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கிற இடத்தில் இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா பெரிய வீட்டுக்காரர்களின் டிராக்டர் ஓட்டுவார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். அந்த வருடம் மழை முந்திக்கொண்டு பெய்து எல்லா வயலிலும் ஒரே சமயத்தில் நடவு. அம்மாவின் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். வேலை முடிந்து வரும்போது பாதம் முழுவதையும் ஊன்ற முடியாமல் குதிகாலால் நடந்து வருவாள். வந்ததும் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பாள். கொஞ்ச நாளைக்குச் சேற்றில் நிற்காதே என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நடவுக்காரியிடம் இதைச் சொன்னால் அவள் வேறு எங்கே போய் நிற்பாள்?

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மெயின் ரோட்டில் ஒரு டிரஸ்ட்காரர்கள் சின்னதாக ஆஸ்பத்திரி திறக்கப் போகிறார்கள். வருகிற நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுத் தர உள்ளூர்ப் பெண்கள் வேண்டும். பத்தாவது தேறியிருக்க வேண்டும், கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா பத்தாவது தேறியவள். அந்த மார்க் ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை புடவையை வெயிலில் போடும்போது அதையும் எடுத்து வெயிலில் வைப்பாள். அதுவும் புடவையைப் போலப் பூச்சி அரிக்கிற சாமான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சிரித்தார். “கொஞ்சம் கம்ப்யூட்டருன்னா எவ்ளோ? படியா, ஆழாக்கா?”

“நீ சிரி. நாற்காலில குந்திக்கினு செய்யற வேலை. மேல ஃபேனு கீது. காலு காஞ்சிக்கினு இருக்கும்” என்றாள் அம்மா. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் தன் காலைப் பார்த்தாள். அப்பா அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டராக இருந்தார். கம்ப்யூட்டருக்குத் தூசி துடைத்து உறை போடுகிற வேலைதான். ஆனால் எங்கள் வீட்டில் அவருக்கு எஞ்சினியர் மரியாதை. அம்மா போனில் விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சனிக்கிழமையே வண்டியில் வந்து இறங்கினார். வருகிற வழியில் ஆஸ்பத்திரியில் நுழைந்து, சீட்டுப் போடுவது எப்படி என்று விசாரித்துக்கொண்டும் வந்திருந்தார். சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்குக் கீழேயிருந்து எதையோ எடுத்தார். கறுப்பாக, கைக்கு அடக்கமாக, நீளமாக ஒரு வயரோடு.

“கம்ப்யூட்டர இஸ்துக்கினு வர முடியாதுக்கா. இத்த கேட்டு வாங்கியாந்தேன், மவுஸு. கழிச்சிப் போட்டது. எழுத்துகூட நீ ஒண்ணொண்ணா பாத்து தட்டிக்கலாம். இதான் பேஜாரு. இத்த பழகிட்டா போதும்.”

பட்டனை அமுக்கினால் சத்தம் வராது, அதனால்தான் கழித்துவிட்டார்கள் என்றார். பிறகு தன் செல்போன் சார்ஜரை சுவிட்ச் போர்டில் மாட்டி, மவுஸின் வயரை அதில் செருகி, மவுஸைக் கவிழ்த்துக் காட்டினார். அதன் வயிற்றில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்துக்குள் செக்கச்செவேலென்று வெளிச்சம்!

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தது.

“முன்னாடிலாம் உள்ள குண்டு மாரி ஒண்ணு உருளும். இதுல அது இல்ல. இதுக்குக் கண்ணு கீது. கீழ கீறத பாத்துக்கினே போவும். நாம எந்தப் பக்கம் தள்றோம்னு அத்த வெச்சே கண்டுபுடிச்சிக்கும்” என்றார் மாமா.

அவர் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது: கண். எங்கள் வீட்டில் கண் இருக்கிற ஒரு சாமான்! மாமா டீ குடித்து முடிப்பதற்குள் தெருவில் இருந்த அத்தனை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் மவுஸை வைத்து, யார் கை அதிகமாகச் சிவக்கிறது என்று போட்டி நடத்தினேன். தீர்ப்புச் சொல்வது நான் என்பதால் என் கைதான் ஜெயித்தது. விரல் நுனியை அதன்மேல் வைத்தால் நகம்கூடச் சிவந்தது. உள்ளே ஓடுகிற ரத்தம் தெரிகிறது என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி பயந்து அழுதுகொண்டே ஓடிவிட்டாள்.

இதற்கிடையில் மாமா ஒரு சார்ட் பேப்பரில் திரை வரைந்து முடித்திருந்தார். பெயர், வயது, ஊர் என்று மூன்று பெட்டிகள். கீழே பச்சைக் கலரில் ‘பிரிண்ட்’ என்று ஒரு பட்டன். ஊர் என்ற பெட்டியின் ஓரத்தில் குட்டியாக ஒரு முக்கோணம். நிஜக் கம்ப்யூட்டரில் அதை அமுக்கினால் ஊர்ப் பட்டியல் கீழே விழுமாம். அதற்காக மாமா ஒரு நீளமான காகிதத்தில் ஊர்ப் பெயர்களை எழுதி, விசிறி மாதிரி மடித்து, அம்மாவின் ஹேர்பின்னால் பிடித்துவைத்தார். பின்னை உருவினால் உத்திரமேரூர், சாலவாக்கம், எங்கள் ஊர், எங்கோ மேற்கே இருக்கிற தாமல் வரைக்கும் பொலபொலவென்று கீழே இறங்கும். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து சார்ட்டைச் சுவரில் ஒட்டினோம். பிஸ்கட் அட்டையில் ஒரு அம்பு வெட்டி ஈர்க்குச்சி நுனியில் கட்டி என் கையில் கொடுத்தார்.

“இன்னியிலேர்ந்து நீதான் கம்ப்யூட்டரு. அம்மா கைய பாரு. அது வலதாண்ட போனா அம்பும் வலதாண்ட போவணும். அம்மா அமுக்குனா டிக்குனு சொல்லணும். வேற எதனா பேசுன, மண்டைல கொட்டுவேன்.”

என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் இப்படி ஒரு பதவி எனக்குக் கிடைத்ததில்லை. காலையில் எழுந்ததும் அம்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்பா தண்ணீர் கேட்டால், “கம்ப்யூட்டரு தண்ணி எட்த்தாராது” என்பேன். “எங்க வூட்டுக் கம்ப்யூட்டருக்கு மூக்கு ஒழுகுது, யாராச்சும் தொடைங்க” என்பார் அவர்.

ஆனால் முதல் நாள் சாயங்காலம் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்பை மேலே கொண்டுபோ என்று மாமா சொன்னார். அம்மா மவுஸைக் கையில் எடுத்து மேலே தூக்கினாள். இன்னும் மேலே என்றதும் கற்பூரம் காட்டுகிற மாதிரி தலைக்கு மேல் பிடித்தாள். மாமா சிரித்துச் சிரித்து, சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் சிரிக்கக் கூடாது என்பதால் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது, மவுஸை எதன்மேல் ஓட்டுவது என்ற பிரச்சினை. எங்கள் வீட்டுத் தரை குண்டும் குழியுமான சிமெண்ட். மாமா ஆணியிலிருந்து தினக் காலண்டர் அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அதில் அம்மன் படம். சாமி முகத்துமேல் இதைத் தேய்க்கமாட்டேன் என்று அம்மா கையை எடுத்துவிட்டாள். சரி, திருப்பி வைத்துக்கொள் என்றார். பின்பக்கம் வெறும் பழுப்பு அட்டை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கண் இருக்கிற சாமானுக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டாமா? அம்மா கட்டியிருந்தது நீலப் பூப்போட்ட வாயில் புடவை. “உன் தொடைமேல வெச்சி ஓட்டும்மா, பூவ பாத்துக்கினே போவும்” என்றேன்.

மாமா என் மண்டையில் கொட்டவில்லை. “எதுமேல ஓட்டுனா இன்னா, கை பழகணும், அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மவுஸ் அம்மாவின் வலது தொடையில்தான் ஓடியது. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் நான் நேர்மையான கம்ப்யூட்டராக இருந்தேன். அம்மாவின் கை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே அம்பை நகர்த்தினேன். பெயர்ப் பெட்டிக்குப் போகவேண்டிய அம்பு சார்ட்டைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப்பை வரைக்கும் போனது. பிரிண்டுக்குப் போகவேண்டியது மூலையில் இருந்த அரிசி டிரம்முக்குப் போனது. நாள் முழுக்க நாற்று நட்ட கை அது. வேகமும் அதிகம், அழுத்தமும் அதிகம். நாலாவது தடவை அம்மா மவுஸை எடுத்து, வயரைச் சுற்றி, காலண்டர் ஆணியில் மாட்டினாள்.

“இது நமக்கு ஆவாது. வுடு” என்றாள். எழுந்து குதிகாலால் நடந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

எனக்கு இரண்டு துக்கம். அம்மாவுக்கு நாற்காலி கிடைக்காது என்பது ஒரு பக்கம். நான் கம்ப்யூட்டராக இருப்பது இரண்டு நாளிலேயே முடிந்துவிடும் என்பது இன்னொரு பக்கம். எது பெரிய துக்கம் என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை மறுபடி உட்காரவைத்தேன். அன்று முதல் நான் திருட்டுக் கம்ப்யூட்டராக மாறினேன். அம்மாவின் கை எங்கே போனாலும் சரி, அம்பு போகவேண்டிய இடத்துக்குப் போனது. அவள் வேகமாகத் தள்ளினால் நான் மெதுவாக நகர்த்தினேன். அவள் கோணலாகத் தள்ளினால் நான் நேராகக் கொண்டுபோனேன். சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக நடுவில் கொஞ்சம் தடுமாறுகிற மாதிரியும் காட்டினேன். முதல் தடவையாக அம்பு பிரிண்ட் பட்டன்மேல் போய் நின்றபோது அம்மா, “ஐய! வந்துட்ச்சிடி!” என்று கத்தினாள். நான் “டிக்!” என்று கத்தினேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று மாமா எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே கொண்டாட்டம்தான். மதியம் மூன்று மணிக்கே நான் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் நின்றுவிடுவேன். நடவுப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். “தோ, உன் கம்ப்யூட்டரு வந்து நிக்கிது பாரு” என்று அம்மாவை இடிப்பார்கள். அம்மா காலைக் கழுவி, மருந்து போட்டுக்கொண்டு, சுவர் முன்னால் உட்காருவாள். தெருவில் இருக்கிற எல்லோருக்கும் சீட்டுப் போட்டோம். பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் வயது இரண்டு, ஊர் தாமல் என்று ஒரு சீட்டுப் போட்டோம். ஒருநாள் அம்மா கண்ணை மூடிக்கொண்டே மவுஸை ஓட்டினாள். பாவம், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் அம்பு சரியாகப் போய்ச் சேர்ந்தது. நானும் டிக் என்றேன். அம்மா கண்ணைத் திறந்து, அம்பைப் பார்த்து, என்னைப் பார்த்து, “நல்லா பழகிட்ச்சி, இல்ல?” என்றாள். “சூப்பரா பழகிட்ச்சிம்மா” என்றேன்.

பத்தாம் நாள் பரீட்சை. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்ததும் நான் கூப்பாடு போட ஆரம்பித்தேன். மவுஸுக்கு நீலப் பூதான் பழக்கம், பட்டுப் புடவையைப் பார்த்தால் அதற்கு அடையாளம் தெரியாது என்று தரையில் புரண்டேன். ஆஸ்பத்திரியில் இருப்பது வேறு மவுஸ் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். எல்லா மவுஸுக்கும் கண் ஒரே மாதிரிதானே? கடைசியில் அம்மா அந்த நீலப் பூ வாயில் புடவையையே சொம்பில் நெருப்புத் துண்டு போட்டுத் தேய்த்து, மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டாள். நான் ஈர்க்குச்சி அம்பைக் கவுனுக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. சீட்டுப் போடுகிற கவுண்டருக்கு இன்னும் மேசை வரவில்லை. அதனால் கம்ப்யூட்டரை அன்று காலையில்தான் டாக்டரம்மாவின் அறைக்குத் தூக்கிவந்து, அவர் மேசைமேல் வைத்திருந்தார்கள். பெரிய மேசை, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கண்ணாடி, முகம் பார்க்கிற மாதிரி துடைத்திருந்தார்கள். டாக்டரம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அம்மாவைச் சேர்த்து நாலு பெண்கள், நாலு நாற்காலி. நான் மூலையில் தரையில் உட்கார்ந்தேன்.

முதலில் போனது சுடிதார் போட்ட ஒரு அக்கா. உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து சர்ட்டிபிகேட் வைத்திருந்தாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததும் வேலை அவளுக்குத்தான் என்று நினைத்தேன். பெயரைப் படபடவென்று தட்டினாள். பிறகு மவுஸைத் தொட்டாள். திரையில் அம்பு ஒரு துள்ளுத் துள்ளி ஓரமாகப் போய் நின்றுகொண்டது. இழுத்தாள், தள்ளினாள். அது நின்ற இடத்திலேயே நடுங்கியது. அவள் திரும்பி மேனேஜரைப் பார்த்தாள்.

மேனேஜர் வந்து மவுஸைத் தட்டினார். ஊதினார். வயரைப் பிடுங்கிச் செருகினார். “புது மவுஸுதாம்மா. நெட்டு ஸ்லோவா கீது போல” என்றார். அதில் நெட்டே கிடையாது என்றாள் அந்த அக்கா. அடுத்து வந்த இரண்டு பேருக்கும் அதே கதி. அவர்களும் திரும்பி மேனேஜரைத்தான் பார்த்தார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. “இன்னொரு நாள் வெச்சிக்கலாங்களா மேடம்?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

“ஒருத்தர்தானே பாக்கி. அவங்களும் பாத்துட்டுப் போகட்டும்” என்றார் டாக்டரம்மா.

அம்மா போய் உட்கார்ந்தாள். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடிப் பெயரைத் தட்டினாள். வயதைத் தட்டினாள். இனி ஊர். பட்டியலைத் திறக்க முக்கோணத்துக்குப் போக வேண்டும். அம்மா கண்ணாடிமேல் மவுஸை நகர்த்தினாள். அம்பு அசையவில்லை.

மற்றவர்களுக்கு அசையாதது மவுஸின் கோளாறு. அம்மாவுக்கு அசையாதது என் கோளாறு. ஏழு நாளாக அம்பை நகர்த்தியது நான்; இப்போது நகர்த்த ஆள் இல்லை, அதனால் அது நிற்கிறது. எல்லோருக்கும் தெரியப் போகிறது. அந்த நேரத்தில் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் விளக்குமாறுதான் என்று முடிவு செய்து, தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். நான் சம்மணம் போட்டு, தொடைமேல் ஈர்க்குச்சியை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் மடியைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

செருப்பை உதறினாள். இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைக் கண்ணாடியிலிருந்து எடுத்து வலது தொடையில், நீலப் பூக்களுக்கு நடுவில் வைத்தாள்.

“ஏம்மா, இன்னா பண்ற?” என்றார் மேனேஜர்.

அம்பு நகர்ந்தது.

யாரும் தொடாமல், ஈர்க்குச்சி இல்லாமல், அந்த அம்பு தானாக நகர்ந்தது! கொஞ்சம் அதிகமாகப் போய், திரும்பி வந்து, கீழே இறங்கி, மறுபடி ஏறி, மெதுவாக, மிக மெதுவாக முக்கோணத்தை நோக்கிப் போனது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தச் சுடிதார் அக்காவும் எழுந்து நின்றாள். அம்மாவின் நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. அம்பு முக்கோணத்தின்மேல் ஏறி நின்றது. அம்மா அமுக்கினாள்.

“டிக்!” என்று கத்தினேன்.

அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் ஊர்ப் பட்டியல் பொலபொலவென்று கீழே இறங்கியது, ஹேர்பின்னே இல்லாமல். அம்மா எங்கள் ஊரைத் தொட்டாள், டிக். பிரிண்டைத் தொட்டாள். இந்தத் தடவை டாக்டரம்மா என்னைப் பார்த்து, சொல் என்பது போலத் தலையை ஆட்டினார். “டிக்!” என்றேன். மேசையடியில் இருந்த மெஷின் முனகி, ஒரு சீட்டைத் துப்பியது. அம்மாவின் பெயர், வயது, எங்கள் ஊர். கையில் எடுத்துப் பார்த்தபோது அது சூடாக இருந்தது.

கண்ணாடிக்குள் அந்த வெளிச்சம் புகுந்து போய்விடுகிறது, கண்ணுக்குப் பார்க்க ஒன்றும் அகப்படுவதில்லை என்பதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். வாயில் புடவையில் நூல் இருக்கிறது, இழை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு போகிறது. பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அன்று நான் சொன்ன காரணத்தை இன்றுவரை முழுதாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

“எப்படிம்மா உங்களுக்குத் தெரிஞ்சுது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“வூட்ல இப்டிதாம்மா ஓட்டிக்கினு இருந்தோம்.”

“வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?”

“கீதும்மா” என்றாள் அம்மா, கொஞ்சம்கூட யோசிக்காமல். கையை நீட்டி என்னைக் காட்டினாள். “தோ நிக்கிது பாருங்க.”

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் ஸ்டெதஸ்கோப் நழுவி மடியில் விழுந்தது. பிறகு கண்ணாடிமேல் ஒரு துண்டை விரித்து, மற்ற மூன்று பேரையும் மறுபடி செய்துபார்க்கச் சொன்னார். சுடிதார் அக்கா கண்மூடித் திறப்பதற்குள் சீட்டு எடுத்துவிட்டாள். அவளுக்குக் காலை வேலை, அம்மாவுக்கு மதியத்துக்கு மேல் என்று முடிவானது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அம்மா ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் கால் ஆறிவிட்டது. தீபாவளிக்கு மெட்டி வாங்கி மாட்டிக்கொண்டாள், வெகுநாளைக்குப் பிறகு.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தும் அழுகை வந்தது. “நீ ஒண்ணும் கரீட்டா ஓட்டலம்மா. நான்தான் அம்ப தள்ளிக்கினு போனேன். ஏமாத்திட்டேன்” என்று விக்கி விக்கிச் சொன்னேன். அம்மா ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மூக்கை முந்தானையால் துடைத்து, “சரி வுடு, கம்ப்யூட்டரு அயுவக் கூடாது” என்றாள். நான் சொன்னது அவளுக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். புரிந்திருந்தால் சும்மா விட்டிருப்பாளா?

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க மவுஸ் பிடிக்கிறேன். அம்மா இன்னும் அதே ஆஸ்பத்திரியில், அதே கவுண்டரில் இருக்கிறாள். மேசை வந்து வெகுகாலம் ஆகிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க இரண்டு பேரும் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, காய்ந்த சோற்றுப் பருக்கையோடு சார்ட்டின் ஒரு மூலை பெயர்ந்து வந்தது. பச்சைக் கலர் இன்னும் போகவில்லை. நான் பழைய திருட்டை மறுபடி சொல்லிச் சிரித்தேன்.

“அது எனக்கு நாலாவது நாளே தெரியும்டி” என்றாள் அம்மா. “கண்ண மூடிக்கினு ஓட்டிப் பாத்தனே. அப்பயும் நீ டிக்குனு சொன்ன.”

சுரண்டுகிற கையை நிறுத்திவிட்டேன். “தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்கு மீதி நாளு ஓட்டுன?”

“நீதான் குச்சிய புட்சிக்கினு ரோட்டுல வந்து நிப்பியே” என்று சொல்லிவிட்டு, அம்மா அந்த மூலையையும் சுரண்டி எடுத்தாள்.

அப்படியென்றால் அன்றைக்கு அந்த நீலப் புடவையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டபோதே, தனக்கு இன்னும் அம்பை நகர்த்தத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பஸ் ஏறியிருக்கிறாள். தெரிந்துதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். மவுஸ் ஓடாதபோது மற்ற மூன்று பேரும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.